ஆயிரம் காரீய வீரர்கள்: பழைய மினியேச்சர் சேகரிப்பு ஒன்றைப் பட்டியல் போட்ட அனுபவம்

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கம் நாங்கள் குடியிருக்கும் தெருவில், பக்கத்து வீட்டுப் பெரியவர் போன வருடம் தவறிப்போனார். அவர் மனைவி வீட்டை விற்றுவிட்டு, மகள் இருக்கும் ஊரில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்குப் போவதாக முடிவு. மற்ற சாமான்களுக்கெல்லாம் ஏதோ வழி பிறந்துவிட்டது. மாட்டிக்கொண்டது ஒன்றுதான்: அவர் இளவயதிலிருந்து சேர்த்து வைத்திருந்த உலோகப் பொம்மைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் அங்குல உயரம். வாள் பிடித்த எலும்புக்கூடு, கோடரி தூக்கிய குள்ளன், பறவை மூக்குள்ள பூதம், துப்பாக்கியோடு விண்வெளிச் சிப்பாய். மேசைமேல் படை பரப்பி விளையாடுவதற்காக வார்த்து விற்றவை. வாங்கியவர் வர்ணம் பூசிக்கொள்ள வேண்டும். ஆயிரத்துக்கு மேல் இருந்தன. எந்த ஒன்றின்மேலும் பெயர்ச்சீட்டு கிடையாது.

நான் சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். எனக்கும் இந்த விளையாட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. "நீ எக்செல்லில் கெட்டிக்காரி ஆயிற்றே, மீ டக் (இந்த ஊர்க்காரர்கள் அன்பாகக் கூப்பிடும் விதம்), இதுக்கு ஒரு லிஸ்ட் போட்டுத் தர்றியா?" என்று அந்த அம்மா கேட்டபோது, ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம் என்றுதான் தலையை ஆட்டினேன். குளிர்காலம் முழுக்கப் போயிற்று. அந்த மாதங்களில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிடவில்லை. இதைத் தனியாகத் தடவித் தடவிக் கற்றுக்கொண்டதில் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. கெட்டிக்கார சேகரிப்பாளர்களுக்கு இதெல்லாம் பால பாடம். ஆனால் அவர்கள் எழுதுவது அவர்களுக்குள்ளேயே புரிகிற பாஷை. என்னைப் போல வெளியிலிருந்து வந்து மாட்டிக்கொள்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கை வைப்பதற்கு முன்பே இரண்டு நஷ்டம் நடந்து முடிந்திருந்தது. முதலாவது பணம். வீட்டுச் சாமான்களை மொத்தமாக எடுக்கும் ஒருவர் வந்து, மேலாக இருந்த இரண்டு தகர டப்பாக்களுக்கு 40 பவுண்டு கொடுத்து எடுத்துப் போயிருந்தார். "மீதியையும் தள்ளிவிடுங்கள், மொத்தமாக 200 தருகிறேன்" என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த டப்பாக்களில் இருந்தவை அலமாரியின் நடுத்தட்டில் நிற்கும் பழைய போட்டோ ஒன்று பிறகு கிடைத்தது. அதை வைத்து ஒவ்வொன்றாக அடையாளம் கண்டபோது வயிறு எரிந்தது. தோராயமாக 350 பவுண்டுக்குக் குறையாது. சட்டப்படி அவர் செய்ததில் தப்பு எதுவும் இல்லை. விற்பவர் சரி என்றார், வாங்கியவர் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். யாராவது இப்படி வீட்டுக்கு வந்து, "இதை மட்டும் இப்போதே எடுத்துக்கொள்கிறேன்" என்று தனியாகப் பிரித்தால், அந்த 'இதை மட்டும்' தான் அங்கே விலை உள்ள சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது நஷ்டம்தான் என்னை அதிகம் வருத்தியது: காகிதம். பெரியவர் எண்பதுகளில் வாங்கிய 'ஒயிட் டுவார்ஃப்' பத்திரிகைகள், தபாலில் ஆர்டர் கொடுக்க வரும் விலைப்பட்டியல்கள், பொம்மை வந்த பாக்கெட்டின் மேலட்டைகள் எல்லாவற்றையும், குப்பைதானே என்று மகள் பழைய பேப்பரோடு போட்டுவிட்டாள். பரணில் ஒரு கட்டு மட்டும் தப்பியது. பிரித்துப் பார்த்தால், விளம்பரப் பக்கங்களில் எந்தெந்தப் பொம்மையை வாங்கினாரோ அதற்கெல்லாம் பென்சிலால் டிக் அடித்து வைத்திருக்கிறார் மனுஷன். சிலவற்றின் ஓரத்தில் வாங்கிய மாதமும் இருந்தது. அந்த ஒரு கட்டு எனக்குப் பல வாரங்களை மிச்சப்படுத்தியது என்றால், போனதெல்லாம் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்! ஆகவே, இப்படி ஒரு சேகரிப்பு கைக்கு வந்தால் முதலில் காகிதத்தைக் காப்பாற்றுங்கள். வெறும் அட்டை, காலிப் பெட்டி, ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். அடுத்து, எது எந்தத் தட்டில், எந்த டப்பாவில், எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று கலைப்பதற்கு முன் போட்டோ எடுத்துவிடுங்கள். ஒரே டப்பாவில் கிடந்தவை பெரும்பாலும் ஒரே காலத்தில் வாங்கியவை. பத்தில் மூன்றை அடையாளம் கண்டால் மற்ற ஏழுக்கும் எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த வெள்ளைப் பொடி. ஓக் மர அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த சில எலும்புக்கூடுகள்மேல் பவுடர் தூவியது போலப் படிந்திருந்தது. தூசி என்று நினைத்து ஊத இருந்தேன். ஒன்றைக் கையில் எடுத்தபோது அதன் ஈட்டி அப்படியே பொடிந்து மேசையில் விழுந்தது. உள்ளே உலோகமே மிச்சமில்லை. அது தூசி இல்லை, காரீய கார்பனேட். தொண்ணூறுகள் வரை இந்தப் பொம்மைகள் பெரும்பாலும் காரீயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தில் வார்க்கப்பட்டவை. ஓக் மரம், அட்டைப்பெட்டி, சில பசைகள் இவற்றிலிருந்து மெல்ல வெளிவரும் அசிட்டிக் அமில ஆவி காரீயத்தை அரிக்கும். அரித்த பிறகு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து கார்பனேட்டாக மாறும்போது அந்த அமிலம் திரும்ப விடுபடும், மறுபடி அரிக்கும். மூடிய அலமாரியில் இது நிற்காமல் நடக்கும். அருங்காட்சியகக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த சமாச்சாரம். வீட்டில் வைத்திருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. அதே வீட்டில் பழைய சாக்லேட் தகர டப்பாக்களில் போட்டு மறந்துபோனவை புதுக்கருக்கு மாறாமல் இருந்தன. ஆசை ஆசையாகக் கண்ணாடிக் கதவு போட்ட ஓக் அலமாரியில் அடுக்கியவைதான் பாழ்.

அந்தப் பொடி நஞ்சு. ஊதக் கூடாது, வறட்டு பிரஷ்ஷால் தட்டக் கூடாது, சாதாரண வேக்வம் கிளீனரால் உறிஞ்சவும் கூடாது. பொடி வீடு முழுக்கப் பரவும். கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டித் தனியாக அப்புறப்படுத்த வேண்டும். பொடி இல்லாத நல்ல பொம்மைகளைத் தொட்டாலும் சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். என் சின்ன மகளை அந்த அறைப் பக்கமே விடவில்லை. அவளுக்கு என்மேல் கோபம், எனக்கு வேறு வழியில்லை. அரித்ததைச் சுத்தம் செய்ய வினிகரில் ஊறப்போடச் சொல்லி யாராவது யோசனை கொடுத்தால் கேட்காதீர்கள். அரிப்புக்குக் காரணமே அந்த அமிலம்தான். அரிக்காதவற்றை மரத்திலிருந்தும் அட்டையிலிருந்தும் எடுத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு மாற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்தேன். இதுதான் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை. பட்டியலெல்லாம் அப்புறம்.

அடையாளம் காண்பது என்று இறங்கியபோது, நான் இருக்கும் ஊரே இதற்குத் தலைநகரம் என்று தெரிந்தது. நாட்டிங்ஹாமையும் சுற்று வட்டாரத்தையும் இந்த உலகத்தில் 'லெட் பெல்ட்', அதாவது காரீய வட்டாரம், என்று அழைக்கிறார்கள். எழுபதுகளில் இங்கே ஆஸ்கார்ட் மினியேச்சர்ஸ் இருந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிரையன் ஆன்செல், 1975-ல் லண்டனில் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப்போடு சேர்ந்து, எழுபதுகளின் கடைசியில் பக்கத்து ஊரான நியூவார்க்கில் சிட்டாடல் மினியேச்சர்ஸை உருவாக்கினார். 1983-ல் 'வார்ஹேமர்' விளையாட்டும், 1987-ல் விண்வெளிக் காலத்தில் நடக்கும் 'வார்ஹேமர் 40,000'-ம் வந்த பிறகு சிட்டாடல் எங்கேயோ போய்விட்டது. தெற்கே சவுத்தாம்ப்டனில் மினிஃபிக்ஸ். அமெரிக்காவில் சின்சினாட்டியின் ரால் பார்த்தா, பென்சில்வேனியாவின் கிரெனடியர், டல்லாஸின் ஹெரிடேஜ். இந்த ஆறேழு பெயர்களும் தெரிந்தாலே பெரியவரின் டப்பாக்களில் முக்கால்வாசியைக் கூறு பிரித்துவிடலாம்.

எப்படிப் பிரிப்பது? முகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், அடியைப் பாருங்கள். நான் ஆரம்பத்தில் கோடரி பிடித்த குள்ளர்களையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுக் கொண்டிருந்தேன். தாடி வைத்த குள்ளன் எந்தக் கம்பெனி செய்தாலும் தாடி வைத்த குள்ளன்தான். பேசுவது பீடம். எண்பதுகளின் நடுப்பகுதி வரை வந்த பொம்மைகளில் காலும் பீடமும் ஒரே வார்ப்பு. பீடத்தின் ஓரத்திலோ அடியிலோ கம்பெனியின் பெயர், சில சமயம் வருடம், இன்னும் சிலவற்றில் ஒரு குறியீட்டு எண் இருக்கும். ரால் பார்த்தாவில் 'ஆர்.பி.' என்ற இரண்டு எழுத்தும் வருடமும் பார்த்தேன். சிட்டாடல் எண்பதுகளின் நடுவில் முறையை மாற்றியது: காலுக்குக் கீழே பட்டையாக ஓர் உலோக நாக்கு, அதைச் செருகுவதற்குப் பிளவு வைத்த தனி பிளாஸ்டிக் பீடம். இதற்கு 'ஸ்லாட்டா' என்று பெயர். அதற்கு முந்தையவற்றை 'ப்ரீ-ஸ்லாட்டா' என்பார்கள். பழைய சிட்டாடல் என்று ஒன்றை எடுத்தால் முதல் கேள்வியே இதுதான், ப்ரீ-ஸ்லாட்டாவா ஸ்லாட்டாவா என்று. அதிலேயே காலம் பாதி முடிவாகிவிடும்.

ஒரு கோப்ளினை, அதாவது குட்டிப் பூதத்தை, எடுத்துக்கொள்கிறேன். பச்சைத் தோல், காது வரை வாய், கையில் வளைந்த கத்தி. பிளாஸ்டிக் பீடத்தில் சூப்பர்குளூ போட்டு ஒட்டியிருந்தார். நாக்கு உள்ளே மறைந்திருக்கிறது. ஆட்டி அசைத்தால் கணுக்கால் ஒடியும். காரீயம் அவ்வளவு மென்மை. இதற்கு ஒரு சேகரிப்பாளர் சொல்லிக்கொடுத்த வழி ஃப்ரீசர். கவரில் போட்டு ராத்திரி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, காலையில் எடுத்து நாக்கை ஒட்டினாற்போலப் பிடித்து மெல்லத் திருகினால், குளிரில் நொறுங்கிப்போன பசை டக்கென்று விடும். பட்டாணிப் பாக்கெட்டுக்கும் மீன் துண்டுக்கும் நடுவில் கோப்ளின் படுத்திருந்ததைப் பார்த்து என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்ததோடு சரி. நாக்கு வெளியே வந்த பிறகும் எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை, கறுப்பு எனாமல் அப்பியிருந்தது. போன் டார்ச்சைப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட மேசையோடு படுக்கவைத்து அடித்தேன். நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ் வழியாக எழுத்துகளின் நிழல் தெரிந்தது. ஒரு முனையில் கம்பெனி பெயர், © குறி, 1985. மறுபக்கம் அந்தக் கோப்ளினின் பெயர். நேர்மேலே இருந்து வெளிச்சம் போட்டால் இது எதுவுமே தெரியாது. அந்த லென்ஸ் 9 பவுண்டு. இந்த வேலைக்காக நான் வாங்கியவற்றில் கொடுத்த காசுக்கு முழுசாகப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

நாக்கில் வருடம் கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். அது சிற்பம் பதிவான வருடம். அதே அச்சில் பல வருடங்கள் கழித்துக்கூட வார்த்திருப்பார்கள். பட்டியலில் 'பதிந்த வருடம்' என்று எழுதுங்கள், 'தயாரித்த வருடம்' என்று எழுதாதீர்கள். அதே போலக் குறியீட்டு எண்ணையும் நம்பிவிடக் கூடாது. சிட்டாடலின் எண்பதுகள் வரிசையில் சி35 என்றால் கேயாஸ் வீரர்கள், சி47 என்றால் எலி மனிதர்களான ஸ்கேவன், சி12 என்றால் கோப்ளின்கள். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே எண்ணில் ப்ரீ-ஸ்லாட்டா பொம்மைகளும் வரும், பிற்பாடு புதிதாகச் செதுக்கிய ஸ்லாட்டா பொம்மைகளும் வரும். 'சி12' என்று மட்டும் எழுதி வைத்தால் அது எந்தக் கோப்ளின் என்று வாங்குபவருக்குத் தெரியாது. எண், பதிந்த வருடம், நாக்கில் உள்ள பெயர், பட்டியலில் உள்ள பெயர் நான்கும் வேண்டும். கடைசி இரண்டும் ஒத்துப்போகாத இடங்கள் உண்டு. அப்போது இரண்டையும் எழுதிவிட வேண்டும்.

பெயர் இல்லாத பொம்மைகளை அடையாளம் காணச் செதுக்கியவரின் கைப்பாணி உதவும் என்பார்கள். உண்மைதான், ஓரளவுக்கு. கெவின் ஆடம்ஸ் செதுக்கிய கோப்ளின் முகம் கொஞ்ச நாளில் எனக்கே அடையாளம் தெரிந்தது. பெர்ரி இரட்டையர்களான ஆலன், மைக்கேல் செய்தவற்றில் உடல் அமைப்பு அளவாக இருக்கும். ஆனால் சிற்பிகள் ஒரே கம்பெனியில் ஆயுளைக் கழிக்கவில்லை. நிக் லண்ட் தன் க்ரானிக்கிள் கம்பெனிப் பொம்மைகளோடு சிட்டாடலுக்கு வந்தார், பிறகு கிரெனடியருக்காகச் செதுக்கினார். ஜெஸ் குட்வின் ஆஸ்கார்டில் செய்துவிட்டு சிட்டாடலுக்குப் போனவர். ஜூலி கத்ரி கிரெனடியர், ரால் பார்த்தா இரண்டுக்கும் செய்தவர். போதாக்குறைக்கு, ஆரம்ப காலத்தில் ரால் பார்த்தாவின் பொம்மைகளை உரிமம் வாங்கி சிட்டாடலே இங்கிலாந்தில் வார்த்து விற்றது. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பூதங்கள் அதைவிட மோசம். அந்த விளையாட்டின் உரிமம் 1980 முதல் 1982 வரை கிரெனடியரிடம், நடுவில் சிறிது காலம் சிட்டாடலிடம், 1987-லிருந்து ரால் பார்த்தாவிடம். ஒரே ஆந்தைக்கரடியை மூன்று கம்பெனிகள் மூன்று விதமாகச் செய்திருக்கின்றன. பாணியை வைத்து சிற்பியைச் சொல்லலாம், கம்பெனியைச் சொல்ல முடியாது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் 'நிச்சயமாக இன்னார் கம்பெனிதான்' என்று அடித்துப் பேசும் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

விண்வெளிப் பொம்மைகள் குறைவாகத்தான் இருந்தன, ஆனால் குழப்பத்துக்குக் குறைவில்லை. ஒரு கவரில் மற்றவற்றில் பாதி உயரமே இருந்த சிப்பாய்கள் கிடந்தார்கள். உடைந்த துண்டுகள் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அவை 'லேசர்பர்ன்' என்ற 1980-ம் வருட விளையாட்டுக்கு நாட்டிங்ஹாமின் டேபிள்டாப் கேம்ஸ் வெளியிட்ட 15 மில்லிமீட்டர் பொம்மைகள். எழுதியவர் அதே பிரையன் ஆன்செல். பின்னாளில் வந்த 'வார்ஹேமர் 40,000'-க்கு மூதாதை என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. அளவு என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 25 மில்லிமீட்டர், 28 மில்லிமீட்டர் என்று சொல்வதெல்லாம் தலை உச்சி வரை அளந்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தொப்பியும் கொம்பும் கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால் பாதத்திலிருந்து கண் வரை அளப்பவர்கள் பலர். காலம் போகப் போக எல்லாக் கம்பெனிப் பொம்மைகளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துக்கொண்டே வந்திருக்கின்றன. அதனால் உயரமும் காலத்துக்கு ஒரு தடயம்.

இனி, எனக்குத் தூக்கம் கெட்ட பகுதி. கிரெனடியர் 1996-ல் மூடியது. அதன் அச்சுகள் பலவற்றை வைத்து இத்தாலியில் மிர்லிட்டான் என்ற கம்பெனி பிற்பாடு வார்த்து விற்றது. ரால் பார்த்தாவின் அச்சுகள் ஒஹையோவிலேயே அயர்ன் விண்ட் மெட்டல்ஸ் கைக்குப் போயின. எண்பதுகளின் நடுவில் பாப் நைஸ்மித் செதுக்கிய சிட்டாடலின் முதல் ஸ்பேஸ் மெரைனை, கேம்ஸ் வொர்க்‌ஷாப்பே 2016-ல் பிளாஸ்டிக்கில் திரும்ப வெளியிட்டது. இவையெல்லாம் நேர்மையான மறுவெளியீடுகள், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பெரியவர் கடைசி வரை வாங்கிக்கொண்டே இருந்தவர். பழசும் புதுசும் ஒரே டப்பாவில், ஒரே மாதிரி வர்ணத்தில் கிடந்தன. இதற்கு உலோகம் கை கொடுத்தது. 1993-ல் நியூயார்க் மாநிலத்தில் காரீயப் பொம்மைகளைத் தடை செய்யும் பேச்சு வந்து, அமெரிக்கக் கம்பெனிகள் காரீயமில்லாத கலவைக்கு மாறத் தொடங்கின. பிறகு பொம்மைகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள், ஆனாலும் பெரும்பாலான கம்பெனிகள் திரும்பிப் போகவில்லை. காரீயமுள்ளது கனமாக இருக்கும், கத்தி நுனி லேசாக வளைந்து கொடுக்கும், அடியை வெள்ளைத் தாளில் இழுத்தால் சாம்பல் கோடு விழும். காரீயமில்லாதது லேசு, விறைப்பு, பளபளப்பு. சமையலறைத் தராசு போதாது. பத்தில் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசு 12 பவுண்டுக்குக் கிடைத்தது.

கள்ள வார்ப்பு வேறு விஷயம். ஒரிஜினல் பொம்மையையே ரப்பரில் அமுக்கி அச்சு எடுத்து வார்ப்பது. உலோகம் ஆறும்போது சுருங்குவதால், பொம்மையிலிருந்து எடுத்த பொம்மை ஒரு பொடி அளவு சிறுத்துவிடும். சங்கிலிக் கவசத்தின் வளையங்கள் மழுங்கும், நாக்கிலுள்ள எழுத்து குழம்பும், அக்குளிலும் தொடை இடுக்கிலும் கொப்புளம் தெரியும். சந்தேகம் வந்தால் நிச்சயமாக ஒரிஜினல் என்று தெரிந்த இன்னொன்றைப் பக்கத்தில் வைத்து, வெர்னியர் காலிப்பரால் ஒரே இடத்தை, உதாரணமாகக் கேடயத்தின் குறுக்களவை, இரண்டிலும் அளந்து பாருங்கள். தனியாக ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சொல்வதெல்லாம் ஊகம். பெரியவரின் சரக்கில் நான்கைந்து இப்படிச் சிக்கின. பட்டியலில் 'சந்தேகம்' என்று எழுதி வைத்தேன், விற்பனைக்குக் கொடுக்கவில்லை.

வர்ணத்தைப் பற்றி என்னிடம் எல்லாரும் சொன்ன ஒரே யோசனை, "டெட்டாலில் ஊறப் போடு". இங்கிலாந்தில் பழைய பழக்கம் இது. அந்தப் பழுப்பு நிற டெட்டாலில் ஒரு நாள் கிடந்தால் வர்ணம் தோலாக உரியும். உரிந்ததை நேரே குழாயடியில் காட்டினால் மட்டும் அது தார் மாதிரிப் பிசுபிசுத்து, இண்டு இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். புது டெட்டாலிலேயே ஒருமுறை பிரஷ் போட்டு அலசிவிட்டு அப்புறம்தான் தண்ணீர். அசிட்டோன் உலோகத்துக்கு மட்டும். பிளாஸ்டிக் பொம்மையும் பீடமும் கரைந்துவிடும். ஆனால் பட்டியல் போடுவதற்கு வர்ணத்தை உரிக்கவே தேவையில்லை என்பது என் கட்சி. நாக்கை மட்டும் துடைத்தால் போதும். மேலே இருக்கும் வர்ணம் அசிங்கமாக இருக்கிறதா அழகாக இருக்கிறதா என்பதை வாங்குபவர் பார்த்துக்கொள்ளட்டும். அந்தக் கால பாணியில் பூசிய வர்ணத்துக்கென்றே வாங்குபவர்களும் இருக்கிறார்கள். உரித்தது உரித்ததுதான், திரும்ப வராது. ஒரு பொம்மையின் தோளில் பட்டிப் பசை (putty) வைத்து வேறு தலை ஒட்டியிருந்ததும் வர்ணத்துக்கு அடியில் தெரிந்த ரம்பக் கோட்டால்தான் புரிந்தது. அந்தக் காலத்துப் பையன்கள் தலையை வெட்டி மாற்றுவதில் கில்லாடிகள் போலிருக்கிறது. எந்தப் பட்டியலிலும் இல்லாத அபூர்வப் பொம்மை என்று நம்புவதற்கு முன் கழுத்தைப் பாருங்கள்.

பட்டியல் எக்செல்லில்தான் போட்டேன். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு ஓடும் எண். அந்த எண்ணை பொம்மையில் எழுதாமல், அதைப் போட்ட ஜிப்லாக் கவரில் எழுதினேன். எண்ணுக்குள் கம்பெனி, வகை என்று எதையும் திணிக்கக் கூடாது. 'சி-டி-017' என்று சிட்டாடல் குள்ளனுக்கு எண் கொடுத்துவிட்டு, பிறகு அது ஆஸ்கார்ட் என்று தெரிந்தால் கவரையும் போட்டோவையும் எக்செல்லையும் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சம்பளக் கணக்கில் ஊழியர் எண்ணுக்குள் பிரிவின் பெயரை வைத்து அவஸ்தைப்பட்ட அனுபவம் இருந்ததால் இதில் மட்டும் தப்பித்தேன். கிடைத்த இடம், அடியில் உள்ள எழுத்து உள்ளபடியே, உயரம், எடை, உலோகம், குறைபாடு, கம்பெனி, எண், பெயர். கடைசியாக, மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக, 'எதை வைத்துச் சொல்கிறேன்' என்று ஒரு பத்தி (column). நாக்கில் எழுத்து இருந்தது, 1983-ம் வருட 'சிட்டாடல் கம்பென்டியம்' பட்டியலில் படம் இருந்தது, வேறொரு சேகரிப்பாளர் சொன்னார், நானாக ஊகித்தேன். அந்தப் பத்தி இல்லாவிட்டால், ஜனவரியில் ஊகித்தது மார்ச்சில் உண்மையாகிவிடும். போட்டோ ஒவ்வொன்றுக்கும் முன், பின், அடி என்று மூன்று, பக்கத்தில் ஒரு ஸ்கேல், பின்னால் சாம்பல் நிறத் தாள். வெள்ளைத் தாள் வைத்தால் கேமரா பொம்மையைக் கறுப்பாக்கிவிடுகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க இணையத்தில் இரண்டு இடங்கள் பெரிய துணை. 'ஸ்டஃப் ஆஃப் லெஜண்ட்ஸ்' பழைய விலைப்பட்டியல்களின் பக்கங்களைக் கம்பெனிவாரியாக வைத்திருக்கிறது; 'லாஸ்ட் மினிஸ் விக்கி'யில் பொம்மைகளின் போட்டோக்கள் இருக்கின்றன. பழைய விளம்பரங்களில் பல கோட்டோவியங்கள்தான். ஓவியர் கை வாளை நீட்டியும் கேடயத்தைப் பெரிதாக்கியும் வரைந்திருக்கும். படத்தில் நிற்கும் தோரணையைப் பாருங்கள், அளவைப் பார்க்காதீர்கள். சேகரிப்பாளர்களிடம் கேட்பதாக இருந்தால் "இது என்ன?" என்று மொட்டையாகக் கேட்காமல், அடியின் போட்டோ, உயரம், எடை மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். நான் இப்படிக் கேட்ட ராத்திரியே பதில் வந்திருக்கிறது. விலை கேட்டால் மட்டும் தனியாக மெசேஜ் அனுப்பி, 'நானே எடுத்துக்கொள்கிறேன்' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் பெயரைக் கேட்கும் இடத்தில் விலையைக் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

விற்பனையை ஓர் ஏலக்காரரிடம் கொடுத்தோம். பட்டியலைப் பார்த்ததும் அவர் பேச்சே மாறிவிட்டது. கூறு கட்டும்போது நல்லதையும் சொத்தையையும் கலக்கி விற்கலாம் என்றார். நான் கம்பெனிவாரியாக, காலவாரியாகத்தான் கூறு போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். மொத்தம் 3,100 பவுண்டு சொச்சம் வந்தது. கமிஷனும் மற்ற செலவும் போக அந்த அம்மாவுக்கு ஏறக்குறைய 2,400. என் செலவு 70 பவுண்டு, அதை அவர் வற்புறுத்திக் கொடுத்துவிட்டார். என் ராத்திரிகளுக்குக் கணக்குப் போட்டால் கட்டுபடியாகாது, அதனால் போடவில்லை. பொம்மைகளைப் பஞ்சில் சுற்றி அனுப்பாதீர்கள், விரலிலும் வாளிலும் சிக்கிக்கொள்ளும். டிஷ்யூத் தாளில் சுற்றி, கவரில் போட்டு, அசையாமல் அடுக்க வேண்டும். காரீயம் கனம் என்பதால் தபால் செலவையும் முன்கூட்டியே எடை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

எதிலும் சேராமல் நூற்றுச் சொச்சம் மிஞ்சின. அவற்றைத் தள்ளிவிடாமல், 'அடையாளம் தெரியவில்லை' என்று தலைப்புப் போட்டு, அடியின் போட்டோவோடு தனிக் கூறாக வைத்தோம். அதற்குப் போட்டி போட்டுக் கேட்டார்கள், தங்களுக்குத் தெரிந்தது ஏலக்காரருக்குத் தெரியவில்லை என்ற சந்தோஷம் போலும். ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறைய உடைந்த கேடயம், கழன்ற கை, காலி ஸ்லாட்டா பீடம், சிறகு, குதிரை வால் எல்லாம் கிடந்தன. கேடயமில்லாத பொம்மை வைத்திருப்பவர்களுக்குத்தான் கேடயத்தின் அருமை தெரியும் என்பதால் அதையும் எடை போட்டு, பரப்பி ஒரு போட்டோ எடுத்துப் போட்டோம். அது 65 பவுண்டுக்குப் போனது.